எல்எஸ் இன்ஜினில் வால்வு ஸ்பிரிங் மாற்றுவது: ஹெட்டை இறக்காமல் செய்யும் முழு முறை

ஷார்ஜா சனையாவில், அதாவது தொழிற்பேட்டைப் பட்டறைகளில், நாங்கள் அதிகம் பார்ப்பது லூமினா எஸ்எஸ், டாஹோ, சில்வராடோ, பழைய கமாரோ இந்த வகைதான். எங்களிடம் வரும் இவற்றின் உள்ளே இருப்பது ஷெவர்லேயின் எல்எஸ் இன்ஜின் குடும்பம்: எட்டு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு வால்வு, பிளாக்கில் ஒரே கேம் (மேடுகள் உள்ள தண்டு), புஷ்ராடு. கேமின் மேடு லிஃப்டரைத் தள்ளும், லிஃப்டர் புஷ்ராடு என்ற கம்பியைத் தள்ளும், அது ராக்கரைச் சாய்த்து வால்வைத் திறக்கும், ஸ்பிரிங் மறுபடி மூடும். ஹெட்டைக் கழற்றாமலே ஸ்பிரிங் மாற்ற வசதியான இன்ஜின் இது. முதல் தடவை செய்கிறவருக்கு ஒரு முழு நாள் ஆகும். கை பழகியபின் அரை நாள்.

ஸ்பிரிங் மட்டும் மாற்றினால் பவர் கூடாது. பெரிய கேம் போடுகிறீர்கள், அல்லது பழைய ஸ்பிரிங் தளர்ந்து உயர் சுற்றில் வால்வு கேமோடு சேர்ந்து இறங்காமல் மிதக்கிறது, இந்த இரண்டில் ஒன்று இருந்தால்தான் இந்த வேலைக்கு அர்த்தம். "கொஞ்சம் கனமான ஸ்பிரிங்காவே போட்டுடுவோமே" என்று போனால் லிஃப்டர், புஷ்ராடு, ராக்கர் மூன்றுக்கும் வீண் சுமை.

1. வாங்கும் முன் கணக்கு

புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான், பட்டறைக்குள் வரும் முன்பே விழுந்துவிடுகிறார்கள். யாரோ நல்ல ஸ்பிரிங் என்று சொன்னார்கள், வாங்கிவிட்டார்கள். அது நம் கேமுக்குப் பொருந்துமா என்று மூன்று எண்களை வைத்துப் பார்க்க வேண்டும்: வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங் நிற்கும் உயரம், கேமின் லிஃப்ட் (வால்வு திறக்கும் தூரம்), ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முழுதாக ஒட்டிக்கொள்ளும் உயரம்.

எல்எஸ் ஹெட்டில் மூடிய நிலை உயரம் பொதுவாக 1.800 இன்ச். உங்கள் கேமின் லிஃப்ட் 0.585 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.800-லிருந்து கழித்தால் 1.215. ஸ்பிரிங் 1.135-இல் முழுதாக ஒட்டுகிறது என்று அதன் தாளில் போட்டிருந்தால் மிச்சம் 0.080 இன்ச். போதும். 0.060-க்குக் கீழே போனால் நான் அந்த ஸ்பிரிங்கைத் தொடமாட்டேன், ஏனென்றால் சுருள்கள் முட்டிக்கொண்டால் ஸ்பிரிங் இரும்புக் குழாய் மாதிரி ஆகிவிடும், கேம் தள்ளுவதை நிறுத்தாது, ஆகவே புஷ்ராடு வளையும் அல்லது ராக்கர் உடையும்.

அடுத்தது அழுத்தம். மூடிய நிலையில் 130 பவுண்டு, ஒரு இன்ச் அமுங்க 320 பவுண்டு என்று தாளில் இருந்தால், 0.585 திறக்கும்போது 130-உடன் 187 சேர்ந்து 317 பவுண்டு. உங்கள் கேம் தயாரித்தவர் கேட்கும் எண்ணோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். தோராயமாகப் பொருந்தினால் சரி, வெகு தூரம் என்றால் வேறு ஸ்பிரிங்.

சாதாரண ஓட்டத்துக்குக் கம்பெனியின் எல்எஸ்6 ஸ்பிரிங்கே பலருக்குப் போதும். 2002 முதல் 2004 வரை வந்த கார்வெட் இசட்06-இன் கேம் லிஃப்ட் 0.550 இன்ச்சை ஒட்டியது, அதற்காகச் செய்த ஸ்பிரிங் அது. அதற்கு மேல் போகிறவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, மேலே குறுகிக் கீழே அகன்று தேன்கூடு போல இருக்கும் ஒற்றை ஸ்பிரிங். இதில் ரீடெய்னர், அதாவது ஸ்பிரிங்கின் மேல் உட்காரும் தொப்பி, சின்னதாக, எடை குறைவாக இருக்கும். மற்றது ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை ஸ்பிரிங். ஒற்றை உடைந்தால் வால்வு நேரே பிஸ்டன் மேல் விழும். இரட்டையில் ஒன்று போனாலும் மற்றது கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு ஒற்றை போதும், டிராக்கில் அடிக்கிற வண்டி என்றால் நான் இரட்டைப் பக்கம்தான்.

இரட்டை வாங்கினால் அதற்குரிய அடித்தட்டு, ரீடெய்னர், சீல் (வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுப்பது) எல்லாம் ஒரே செட்டாக வாங்குங்கள். கம்பெனி ஹெட்கள் பலவற்றில் சீலும் ஸ்பிரிங் உட்காரும் தட்டும் ஒரே துண்டாக இருக்கும், அதன் மேல் உள் ஸ்பிரிங் சரியாக உட்காராது. ரீடெய்னரை வால்வுத் தண்டில் பிடித்து வைக்கும் இரு துண்டு லாக்கிலும் கவனம் தேவை. எல்எஸ் வால்வுத் தண்டு 8 மில்லிமீட்டர், கம்பெனி லாக் 7 டிகிரி சரிவு. 10 டிகிரி ரீடெய்னரில் 7 டிகிரி லாக்கைப் போட்டால் பார்க்கப் பொருந்தின மாதிரிதான் இருக்கும், ஓடும்போது கழன்றுவிடும்.

2. மேசையில் தயாராக இருக்க வேண்டியவை

ராக்கர் போல்ட் துளையிலேயே மாட்டி அமுக்கும் எல்எஸ் ஸ்பிரிங் அமுக்கி. ஒரே நேரத்தில் இரண்டு ஸ்பிரிங்கை அமுக்குவது கிடைத்தால் வேலை பாதியாகிவிடும். வால்வின் இரு பக்கமும் பிடிக்கும் பெரிய 'சி' வடிவ அமுக்கி இதற்கு ஆகாது, அது ஹெட்டை இறக்கிய பிறகு பயன்படுத்துவது.

காற்று கம்ப்ரசர், அதோடு பிளக் துளையில் மாட்டும் 14 மில்லிமீட்டர் மரை கொண்ட ஹோஸ். கம்ப்ரஷன் கேஜில் வரும் ஹோஸே போதும், ஆனால் அதன் முனைக்குள் இருக்கும் டியூப் வால்வைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் காற்று உள்ளே போகாது, ஏன் போகவில்லை என்று அரை மணி நேரம் தேடுவீர்கள்.

டார்க் ரென்ச் இரண்டு, ஒன்று அடி-பவுண்டுக்கு, மற்றது இன்ச்-பவுண்டுக்கு. கிராங்க் புல்லி போல்ட்டுக்கு 24 மில்லிமீட்டர் சாக்கெட். பென்சில் காந்தம், வெர்னியர் அல்லது உயர மைக்ரோமீட்டர், பிளாஸ்டிக் சுத்தியல், கெட்டி கிரீஸ், சுத்தமான வேஸ்ட் துணி நிறைய. புஷ்ராடு, ராக்கரை வரிசையாகச் செருகி வைக்க அட்டைப்பெட்டி ஒன்று, அதில் எண் எழுதித் துளை போட்டு வையுங்கள்.

கூடவே புதிய சீல் 16, டேப்பட் கவர் (ராக்கர்களின் மேல்மூடி) பேக்கிங் இரண்டு. பழைய சீலையே மறுபடி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு திறந்துவிட்டு அதில் போய் மிச்சம் பிடிக்காதீர்கள்.

3. கழற்றுவதற்கு முன் ஒரு குறி

இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் மரை கையோடு வந்துவிடும். பேட்டரி நெகட்டிவ், காயில் வயர்கள், காயில் தாங்கி, எட்டு பிளக், இரண்டு டேப்பட் கவர் என்ற வரிசையில் கழற்றுங்கள். பிளக் துளையைச் சுற்றி முதலில் காற்றடித்து மணலை ஊதிவிடுங்கள். இங்கே மணல் இல்லாத துளை கிடையாது.

கவர் கழன்றதும் உடனே ராக்கரில் கை வைக்காதீர்கள். எல்எஸ் புல்லியில் டாப் குறி, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்தைக் காட்டும் குறி, எதுவும் கிடையாது, ஆகவே அதை நாமே போட வேண்டும். ராக்கர் இருக்கும்போது போடுவது சுலபம், கழற்றியபின் எந்த டாப் எது என்று குழம்பும். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் கிராங்கைத் திருப்புங்கள். டிரைவர் பக்கத்தில், அதாவது இங்கே இடது பக்கத்தில், முன்னால் இருப்பது 1-ஆம் சிலிண்டர். அதன் இன்டேக் ராக்கர் அமுங்கி மறுபடி மேலே வந்து நின்றதும், பிளக் துளையில் விட்ட பிளாஸ்டிக் ஸ்ட்ரா மேலேறி நிற்கும் இடம் வரை மெல்லத் திருப்புங்கள். அங்கேதான் 1-இன் கம்ப்ரஷன் டாப், அதாவது இரண்டு வால்வும் மூடியிருக்கும் டாப். உச்சியில் ஸ்ட்ரா கொஞ்சத் தூரத்துக்கு அசையாமல் நிற்கும், அந்த இடைவெளியின் நடுவைப் பிடித்து, புல்லியிலும் அதற்கு நேராக இன்ஜினிலும் வெள்ளை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. பிறகு புல்லியைச் சுற்றி ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஒரு கோடு.

ஸ்குரூ டிரைவரை மட்டும் துளையில் விடாதீர்கள். துளை சாய்வாக இருக்கிறது, பிஸ்டன் ஏறும்போது அது சிக்கிப் பிளக் மரையைக் கிழித்துவிடும்.

4. ராக்கர், புஷ்ராடு, அப்புறம் ஓட்டைகளை அடைப்பது

16 ராக்கரையும் புஷ்ராடையும் எடுத்து, எங்கிருந்து வந்ததோ அந்த எண்ணுள்ள துளையில் வையுங்கள். ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய ஜோடிகள் அவை. ராக்கர் கையில் இருக்கும்போதே நடுவில் உள்ள ஊசி பேரிங்கைப் பாருங்கள். கம்பெனி ராக்கரில் அந்த ஊசிகளுக்குக் கூண்டு கிடையாது, தேய்ந்தால் வெளியே வந்து ஆயிலோடு சுற்றும். ஆட்டம் இருந்தால் இப்போதே மாற்றுவது புத்திசாலித்தனம், கனமான ஸ்பிரிங் போட்டபின் இன்னும் சீக்கிரம் போகும்.

இப்போது ஹெட்டில் ஆயில் இறங்கும் துளைகள், புஷ்ராடு துளைகள் எல்லாவற்றிலும் துணியைத் திணியுங்கள். எத்தனை துண்டு திணித்தோம் என்று எழுதி வையுங்கள், ஏனென்றால் கடைசியில் அத்தனையும் வெளியே வர வேண்டும். ஒரு லாக்கின் பாதித் துண்டு சுண்டு விரல் நகம் அளவுதான். அது ஒரு துளையில் விழுந்தால் நேரே இன்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் சம்ப்பில்.

ஒருமுறை எங்களிடம் வேலை பழகிய தம்பி ஒருவன் இரண்டாவது சிலிண்டரிலேயே ஒரு லாக் காணோம் என்று வெளுத்துப்போய் நின்றான். துணி திணிக்கவில்லை. டாஹோ, சம்ப்பை இறக்குவது லேசான வேலை இல்லை, இறக்கினோம். கிடைக்கவில்லை. கடைசியில் அது, ஸ்பிரிங்கைத் தட்டுவதற்காக வைத்திருந்த, உள்ளே காந்தம் உள்ள சாக்கெட்டின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் ஒரு சிலிண்டருக்கு நான்கு லாக் துண்டு தட்டில் எண்ணி வைத்த பிறகுதான் அடுத்த அசைவு.

5. எந்த சிலிண்டர் எப்போது டாப்பில்

எல்எஸ்-இன் ஃபயரிங் வரிசை 1-8-7-2-6-5-4-3. இதில் நான்கு இடம் தள்ளி இருக்கும் சிலிண்டர்கள் ஒரே நேரத்தில் டாப்புக்கு வரும். ஆகவே 1-உம் 6-உம் ஒரு ஜோடி, கால் சுற்று திருப்பினால் 8-உம் 5-உம், அடுத்த கால் சுற்றில் 7-உம் 4-உம், அதற்கடுத்து 2-உம் 3-உம். முக்கால் சுற்றில் எட்டு சிலிண்டரும் முடிந்துவிடும்.

இங்கே எல்லாரும் கேட்கும் கேள்வி: "6-ஆம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் டாப்பில் இருக்கே, அதன் வால்வு திறந்திருக்காதா?" ராக்கரைத்தான் கழற்றிவிட்டோமே. ராக்கர் இல்லாத வால்வு எந்த டாப்பாக இருந்தாலும் மூடித்தான் இருக்கும்.

பிஸ்டன் ஏன் டாப்பில் இருக்க வேண்டும்? ஸ்பிரிங் இல்லாத வால்வைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. பிஸ்டன் மேலே நின்றால் வால்வு சில மில்லிமீட்டர் இறங்கி அதன் மேல் உட்கார்ந்துவிடும், விரலால் இழுத்து மேலே கொண்டுவரலாம். கீழே இருந்தால் வால்வு சிலிண்டருக்குள் போய்விடும், அதற்கப்புறம் ஹெட்டை இறக்குவதைத் தவிர வழியில்லை. நான் பிஸ்டனை டாப்பில் நிறுத்தி, அதன் மேல் காற்றும் கொடுப்பேன். காற்று வால்வை மேலே அழுத்திப் பிடிக்கிறது, ஹோஸ் பிடுங்கிக்கொண்டாலோ கரண்ட் போனாலோ பிஸ்டன் காப்பாற்றும்.

கம்ப்ரசர் இல்லையென்றால் கயிறு. பிஸ்டனைக் கொஞ்சம் கீழே வைத்து, பிளக் துளை வழியாக சுத்தமான நைலான் கயிற்றைச் சுருட்டி உள்ளே விட்டு, முனையை வெளியே தொங்கவிட்டு, கயிறு இறுகி நிற்கும் வரை கிராங்கைக் கையால் திருப்புங்கள். மெதுவான முறை, ஆனால் நம்பகமானது. கயிறு முறையில் ஒவ்வொரு சிலிண்டராகத்தான் போக முடியும்.

6. பழைய ஸ்பிரிங்கை எடுப்பது

காற்று கொடுக்கும் முன் கிராங்க் போல்ட்டில் ரென்ச் இருந்தால் எடுத்துவிடுங்கள். டாப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றாலும் காற்று பிஸ்டனைக் கீழே தள்ளும், கிராங்க் சட்டென்று சுற்றும், அந்த ரென்ச் உங்கள் கையையோ ரேடியேட்டரையோ பதம் பார்க்கும். முதலில் 20 பிஎஸ்ஐ கொடுங்கள், கிராங்க் அசையவில்லை என்றால் மெல்ல 80 முதல் 100 வரை ஏற்றுங்கள். கொஞ்சம் காற்று உஸ் என்று கசியும், அது பிஸ்டன் ரிங் வழியாகப் போவது, பயப்பட வேண்டாம்.

அமுக்கியை மாட்டும் முன் ரீடெய்னர் மேல் ஒரு சாக்கெட்டை வைத்து பிளாஸ்டிக் சுத்தியலால் ஒரு தட்டு. வருடக்கணக்கில் லாக்கும் ரீடெய்னரும் ஒட்டிப்போயிருக்கும். தட்டாமல் அமுக்கினால் அமுக்கி வளையும், ஸ்பிரிங் அமுங்கும், லாக் மட்டும் விடாது. பலமாக அடிக்காதீர்கள், வால்வு திறந்து காற்று வெளியேறும் அளவுக்கு அடி தேவையில்லை.

அமுக்குங்கள், காந்தத்தால் இரண்டு லாக் துண்டையும் எடுங்கள், தட்டில் போடுங்கள், அமுக்கியை மெல்ல விடுங்கள். முகத்தை ஸ்பிரிங்குக்கு நேராக வைக்காதீர்கள், கண்ணாடி போடுங்கள். பின்னால் இருக்கும் 7, 8-இல் கை போக இடம் குறைவு. அதனால் எளிதாகக் கை போகும் சிலிண்டர்களில் பழகிவிட்டு அங்கே போவது நல்லது, 1-6 ஜோடியில் ஆரம்பிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

7. சீல், உயரம், ஷிம்

பழைய சீலை பிளையரால் பிடித்துச் சற்றே திருப்பி இழுத்தால் வந்துவிடும். வால்வுத் தண்டைச் சுற்றிப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். நன்றாகத் தெரியும்படி ஆட்டம் இருந்தால் தண்டு ஓடும் குழலான கைடு தேய்ந்திருக்கிறது, புதுச் சீலும் சீக்கிரம் போகும், இந்த ஹெட் லேத் பட்டறைக்குப் போக வேண்டியது.

அடித்தட்டை வைத்த பிறகு சீல். தண்டின் மேல் முனையில் லாக் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு பிளேடு மாதிரி. அதன் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையை மாட்டி, ஆயில் தடவி, அப்புறம் சீலை இறக்குங்கள். உறை இல்லாமல் தள்ளினால் சீலின் உதடு கிழியும், மாதம் கழித்துக் காலையில் நீலப்புகை வரும்.

உயரத்தை அளப்பதைப் பெரும்பாலோர் தாண்டிவிடுகிறார்கள். ஸ்பிரிங் இல்லாமல் ரீடெய்னரையும் லாக்கையும் மட்டும் மாட்டி, ரீடெய்னரைக் கையால் மேலே இழுத்துப் பிடித்து, அடித்தட்டிலிருந்து ரீடெய்னரின் கீழ்ப்பரப்பு வரை அளங்கள். காற்று இருந்தால் வால்வு தானாகவே முழுதாக மூடியிருக்கும், காற்று இல்லாமல் அளந்தால் வால்வு இறங்கி எண் தப்பாக வரும். 1.800 வர வேண்டியது 1.830 வந்தால் 0.030 ஷிம் (மெல்லிய வட்டத் தகடு) ஒன்றை அடித்தட்டுக்குக் கீழே போடலாம். ஏற்கெனவே 1.800 இருக்கும்போது "இன்னும் கொஞ்சம் டைட்டா இருக்கட்டும்" என்று அதே ஷிம்மைப் போட்டால், மேலே போட்ட கணக்கில் மிச்சம் இருந்த 0.080 இப்போது 0.050. கிடைப்பதோ சுமார் 10 பவுண்டு அழுத்தம்தான். அதற்கு இந்த விலை கொடுக்கக்கூடாது.

அப்படியே ரீடெய்னரின் அடியிலிருந்து சீலின் உச்சி வரை உள்ள இடைவெளியையும் பாருங்கள். கேமின் லிஃப்டோடு 0.050 இன்ச் கூட்டியதைவிடக் குறைவாக இருந்தால் ரீடெய்னர் ஒவ்வொரு சுற்றிலும் சீலை இடிக்கும்.

8. புதிய ஸ்பிரிங்கை மாட்டுவது

ஸ்பிரிங்குகளை முந்தைய இரவே சுத்தமான இன்ஜின் ஆயிலில் ஊறவிடலாம். ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள், வைஸில் கடிக்க வைக்காதீர்கள். ஸ்பிரிங்கின் மேல் விழும் ஒரு கீறல்தான் பிறகு விரிசலாக ஓடும்.

அகன்ற பக்கம் கீழே. ரீடெய்னரை வைத்து அமுக்குங்கள், தேவைக்கு மேல் அமுக்க வேண்டாம், லாக் பள்ளம் தெரிந்தால் போதும். லாக்கின் உட்புறம் கொஞ்சம் கெட்டி கிரீஸ் தடவினால் தண்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு துண்டும் உட்கார்ந்தபின் மெல்ல விடுங்கள். இரண்டு துண்டுக்கும் நடுவில் இரு பக்கமும் சமமாக மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும், இரண்டின் உச்சியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று மேலே தூக்கி நின்றால் மறுபடி அமுக்கி உட்கார வையுங்கள். பிறகு காற்று இருக்கும்போதே ரீடெய்னரில் பிளாஸ்டிக் சுத்தியலால் லேசாக இரண்டு தட்டு. கழல வேண்டிய லாக் இப்போதே கழலட்டும், ரோட்டில் வேண்டாம்.

ஜோடி முடிந்ததும் காற்றைத் திறந்துவிட்டு ஹோஸைக் கழற்றி, அப்புறம்தான் கிராங்கைக் கால் சுற்று திருப்ப வேண்டும்.

9. ராக்கரை முறுக்கும் வரிசை

துணிகளை எண்ணி எடுங்கள். புஷ்ராடுகளின் முனைகளில் ஆயில் தொட்டு அதனதன் இடத்தில், லிஃப்டரின் குழியில் உட்காரும்படி இறக்குங்கள். எல்எஸ்-இல் டேப்பட் இடைவெளி வைக்கும் வேலை இல்லை. போல்ட்டை 22 அடி-பவுண்டு, அதாவது 30 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால் முடிந்தது. ஆனால் அந்த வால்வின் லிஃப்டர் கேமின் வட்டப் பகுதியில் இருக்கும்போதுதான் முறுக்க வேண்டும், மேட்டில் இருக்கும்போது முறுக்கினால் டார்க் தப்பாக வரும்.

2-3 ஜோடியை முடித்த இடத்திலிருந்து இன்னொரு கால் சுற்று திருப்பினால் உங்கள் பெயின்ட் கோடு மறுபடி நேராகும். இது 6-இன் கம்ப்ரஷன் டாப். இங்கே எக்ஸாஸ்டில் 3, 4, 5, 6, இன்டேக்கில் 2, 6, 7, 8 ஆகியவற்றை முறுக்குங்கள். ஒரு முழுச் சுற்று திருப்பினால் 1-இன் கம்ப்ரஷன் டாப். அங்கே எக்ஸாஸ்டில் 1, 2, 7, 8, இன்டேக்கில் 1, 3, 4, 5. நடுவில் எங்கேயாவது கூடுதலாகச் சுற்றிவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால், 1-இன் புஷ்ராடுகள் மேல் விரல் வைத்து டாப்பை நோக்கித் திருப்புங்கள். எக்ஸாஸ்ட் புஷ்ராடு இறங்கிக்கொண்டே வந்தால் அது 6-இன் கம்ப்ரஷன் டாப், இரண்டும் அசையாமல் இருந்தால் 1-உடையது.

முறுக்கி முடித்தபின் கால் மணி நேரம் விடுங்கள். ஆயில் நிரம்பிய லிஃப்டர் வால்வைச் சிறிது திறந்தே பிடித்திருக்கும், அது இறங்க நேரம் வேண்டும். அப்புறம் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று. எங்கேயாவது முட்டினால் நிறுத்துங்கள், பலம் போட்டுத் தாண்டாதீர்கள்.

10. மூடி, முதல் ஸ்டார்ட்

டேப்பட் கவர் போல்ட் 106 இன்ச்-பவுண்டுதான். அடி-பவுண்டு ரென்ச்சால் தோராயமாக முறுக்கிக் கவரை உடைத்தவர்கள் உண்டு. பிளக் 11 அடி-பவுண்டு, முதல் சில மரை கையால் போக வேண்டும்.

எரிபொருள் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு சில விநாடிகள் ஸ்டார்ட்டரை அடித்து ஆயில் பிரஷர் வந்த பிறகு ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் ஒரு நிமிடம் டிக் டிக் சத்தம் வரலாம். சூடானபின்னும் ஒரே இடத்தில் சத்தம் நின்றால் கவரைத் திறந்து அந்த ராக்கரின் டார்க்கைப் பாருங்கள். ஒரு சிலிண்டர் வேலையே செய்யவில்லை என்றால் கம்ப்ரஷன் பாருங்கள், வால்வு சரியாக மூடவில்லை.

புதிய ஸ்பிரிங்கை முதல் நாளே 6500-க்கு இழுக்காதீர்கள். 1500 முதல் 2000 சுற்றுக்குள் கால் மணி நேரம் ஓடவிட்டு, அணைத்து, கை வைக்கும் அளவுக்கு ஆறவிடுங்கள். முதல் சூட்டில் ஸ்பிரிங் கொஞ்சம் அழுத்தம் இழந்து தன் நிலைக்கு வரும், அது மெல்ல நடக்க வேண்டும். அன்று மாலை கவர் விளிம்பில் ஆயில் கசிகிறதா என்று ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வண்டியைக் கொடுக்கலாம்.